முழங்கைக்கு மேலே ஒரு வாட்ச்: வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் உடைத் தவறுகள்

போன வாரம் வார்டுக்குப் புது நர்சுகளின் பேட்ச் வந்தது. ஏழு பேர். முதல் நாளே உடை விதிகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, படித்துவிட்டதாகக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. மூன்றாம் நாள் மார்னிங் டியூட்டியில் ஒரு பெண் பி.பி. பார்க்கக் குனிந்தபோது அவளுடைய ஸ்க்ரப் சட்டைக் கைக்குள் ஏதோ பளிச்சென்றது. தனியாக அழைத்துப் போய்க் கையை ஏற்றச் சொன்னால், தலைமுடிக்குப் போடுகிற சாட்டின் ரப்பர் பேண்ட், அதற்குள் செருகி வைத்த ஒரு சின்ன வாட்ச். "முழங்கைக்குக் கீழே எதுவும் போடக் கூடாதுன்னுதானே சிஸ்டர் தாள்ல இருக்கு?" என்றாள். அதில் குறும்பு எதுவும் இல்லை, நிஜமாகவே சந்தேகம்தான். எனக்குத்தான் தலை சுற்றியது. இதே கேள்வியை இதே வார்டில் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கேட்டிருக்கிறார், அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

பதினேழு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். யூனிஃபார்மை அயர்ன் பண்ணுங்கள், ஷூவைத் துடையுங்கள், முடியை வலைக்குள் போடுங்கள் என்பதையெல்லாம் நர்சிங் காலேஜ் முதல் வருஷத்திலேயே திட்டு வாங்கிக் கற்றிருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். கற்ற பிறகும் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன். இதில் பாதி நானே செய்தவை.

பூ

மல்லியோ பிச்சியோ கனகாம்பரமோ, டியூட்டி முடிந்து வையுங்கள்.

கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு

குனியும்போதெல்லாம் அது நோயாளியின் போர்வை மேல் புரளும், டிரெஸ்ஸிங் பண்ணும்போது புண்ணுக்கு மேலே ஊஞ்சலாடும், அடுத்த பெட்டில் போய் அதையே செய்யும். அந்தக் கயிற்றைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? 2004ல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் டாக்டர்களும் மற்ற மருத்துவப் பணியாளர்களும் கட்டியிருந்த 42 டைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 20ல் நோய்க்கிருமிகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே இருந்த செக்யூரிட்டிகளின் பத்து டைகளையும் எடுத்தார்கள், அதில் ஒன்றில்தான் இருந்தது. நம் ஊர் வார்டில் யாரும் டை கட்டுவதில்லை, ஆனால் ஐடி கார்டு கயிறு செய்வதும் அதே வேலைதான். கிளிப் போட்டுச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள்.

மறைத்துவிட்டால் கழற்றியதற்குச் சமம் என்று நினைப்பது

இதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்ற விதியை இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2007 செப்டம்பரில் அறிவித்து, 2008 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முழுக்கைச் சட்டை, வாட்ச், வளையல் எதுவும் கூடாது. இப்போது நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றிலும் அதுதான் வழக்கம். காரணம் எளிது. சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி, இது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. அவ்வளவு நேரம் தேய்த்தாலும் மோதிரத்துக்கும் கயிற்றுக்கும் அடியில் போகாது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் காரணத்தை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வார்டில் ஒரு பிரதர், அதாவது ஆண் நர்ஸ், இருந்தார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊசி போட்டால் பாட்டிகள் "போட்டுட்டியா ராசா?" என்று கேட்பார்கள், அப்படி ஒரு கை. ஒரே கிறுக்கு, வாட்ச். ஸ்டீல் ஸ்பிரிங் பட்டை வைத்த தடிமனான வாட்ச், அதை முழங்கைக்கு மேலே, சிற்பத்தில் இருக்கிற ராஜாக்கள் தோள்வளை போடுகிற இடத்தில் போட்டுக்கொள்வார். வாட்ச்சுக்குப் பக்கத்தில் கோயில் கயிறு, சிவப்பு ஒன்று, கறுப்பு இரண்டு. மணி பார்க்க வேண்டுமென்றால் இடது கையை மடக்கி, வலது கையால் ஸ்க்ரப் சட்டைக் கையை மேலே தள்ளி, ஜிம்மில் போட்டோவுக்கு நிற்பது போல ஒரு போஸ். நாடித்துடிப்பு எண்ணும்போது பார்க்க வேண்டுமே. ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில், சட்டையைத் தள்ள இன்னொரு கை வேண்டும், ஆனால் மடக்க வேண்டிய கையோ நாடியைப் பிடித்திருக்கிறது. கடைசியில் சட்டை நுனியைப் பல்லால் கவ்விக்கொள்வார். ஒரு பெரியவர், "ஏன் தம்பி, உனக்கும் பி.பி. மிஷின் மாட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அங்கேதான் என் தப்பு. மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும்போது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வார், ஒன்றும் தெரியாது. நான் ஒருமுறை கேட்டதற்கு, "முழங்கைக்குக் கீழதானே சிஸ்டர் கூடாது?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, நைட் டியூட்டி முடியும் நேரம், வாதம் பண்ணத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி ஏற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். வார்டில் அதுவே ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது.

அப்புறம் அந்தத் தாத்தா வந்தார். குடலிறக்க ஆபரேஷன், முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்தது. சாயங்காலம் வரை சிறுநீர் போகவில்லை. இந்த மயக்க ஊசிக்குப் பிறகு, அதுவும் வயதான ஆண்களுக்கு, இது அடிக்கடி நடப்பதுதான். அடிவயிறு கல் மாதிரி, தொட்டால் துடிக்கிறார், பெட் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிறார். சிறுநீர் டியூப் போடச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார். பேரன் கீழே பார்மசிக்கு ஓடி ஃபோலி (அந்த டியூப்தான்), சிறுநீர் சேர்கிற யூரோ பேக், ஸ்டெரைல் கிளவுஸ், ஜெல்லி எல்லாம் வாங்கி வந்தான். பிரதர் கை கழுவி, கிளவுஸ் போட்டு, டிரேயை விரித்து, பீட்டாடின் வைத்துத் துடைத்து, ஃபோலியின் உறையைப் பிரித்துக் கையில் எடுத்தார். நான் தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அவர் கையை முன்னால் நீட்டியபோது வாட்ச் இறங்கியது. மாதக்கணக்கில் மேல் கையில் இழுபட்டுப் பட்டை தளர்ந்திருக்கிறது போல. முழங்கையில் ஒரு நொடி நின்றது, பிறகு வழுக்கிக்கொண்டு நேராக மணிக்கட்டுக்கு வந்து கிளவுஸ் மேல் உட்கார்ந்தது. அவர் பதறிப்போய் அடுத்த கையால் அதைப் பிடித்தார். இரண்டு கிளவுஸும் அசுத்தமாகிப் போச்சு. பிடித்த வேகத்தில் ஃபோலி கையை விட்டு நழுவி, பெட் ஓரத்தில் பட்டுத் தரையில் விழுந்தது. வாட்ச் கழன்று போய் டிரேக்கு நடுவில், பீட்டாடின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வார்டு ஸ்டாக்கில் அந்த அளவு ஃபோலி இல்லை. பேரன் மறுபடி கீழே ஓடினான். பார்மசியில் வரிசை, லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது, அந்த நேரம் முழுவதும் தாத்தா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது. ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வலி. டியூப் போட்டவுடன் 900 மில்லி வந்தது. "ஸ்ஸ்ஸ், அப்பாடா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் பேரன்தான் பில்லை நீட்டி, "அக்கா, ஒரு டியூப்தானே போட்டீங்க, ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டான். அவன் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிற பையன். அந்த ஃபோலி ஒன்றும் லட்சக்கணக்கில்லை, ஆனால் அவனுக்கு அரை நாள் கூலி. பில்லிங்கில் பேசித் திருத்த முடியவில்லை, அந்தப் பணத்தை நானும் பிரதரும் பாதிப்பாதி போட்டுக் கொடுத்தோம். அந்தத் தாத்தாவுக்கு அந்த இருபது நிமிஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்றைக்கும் எரிச்சல் வருவது வாட்ச் விழுந்ததற்காக இல்லை. விழாமல் இருந்திருந்தாலும் அது தப்புதான். ஒவ்வொரு முறை மணி பார்க்கவும் சட்டைக் கையைத் தொடுகிறீர்கள், அதே கையோடு அடுத்த பெட்டுக்குப் போகிறீர்கள். சட்டைக்கு யார் ஹேண்ட் ரப் போடுவது? கழற்றச் சொன்ன பொருளை உடம்பில் வேறு இடத்துக்கு மாற்றியதுதான் மிச்சம்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, நானும் மறைத்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்துப் போட்ட இரண்டு கிராம் மோதிரத்தைக் கழற்ற மனசு வராமல், அதன் மேல் மைக்ரோபோர் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு டியூட்டி பார்த்தேன். கேட்டால், "வெட்டிக்கிட்டேன் சிஸ்டர்." ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை கழுவுகிறோம்? பிளாஸ்டர் எப்போதும் ஈரம். பத்துப் பன்னிரண்டு நாளில் அடியில் தோல் வெளுத்து, ஊறி, நாற்றம் வேறு. விரல் வீங்கியது. கேஷுவல்டியில் நூல் சுற்றிக் கழற்றப் பார்த்தார்கள், வரவில்லை. கடைசியில் கட்டர் வைத்து வெட்டினார்கள். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் ஐ.வி. போட்டேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வெட்டிய மோதிரத்தை அம்மாவிடம் காட்டவே இல்லை. உருக்கிக் கம்மலாக்கிவிட்டேன்.

ஆகவே கயிற்றின் மேல் பிளாஸ்டர், வளையலின் மேல் கிரேப் பேண்டேஜ், மோதிரத்தின் மேல் கிளவுஸ், இது எதையும் என்னிடம் காட்டாதீர்கள். கிளவுஸுக்குள் கல் வைத்த மோதிரம் இருந்தால் கிளவுஸ் கிழியும், கிழிந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கோயில் கயிறு முக்கியமென்றால் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அரைஞாண் கயிறு என்று ஒன்று காலம்காலமாக இருக்கிறது.

நகம்

வெட்டத் தெரியும் உங்களுக்கு. நான் சொல்வது கல்யாணத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்து, காசு போட்டோமே என்று இரண்டு வாரம் கழற்றாமல் இருக்கிற செயற்கை நகத்தை. 1997, 98ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் சூடோமோனாஸ் கிருமி 46 குழந்தைகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது, அவர்களில் 16 பேர் இறந்துபோனார்கள். விசாரித்தவர்கள் இரண்டு நர்சுகளின் கைகளில் போய் நின்றார்கள். ஒருவருக்கு நீண்ட நகம், இன்னொருவருக்கு ஒட்டிய நகம். நகம் மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை, பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். எனக்கு அதுவே போதும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2002ல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டியில், ஆபத்தான நிலையில் உள்ள நோயாளிகளைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

சென்ட்

வீசிங் நோயாளி பக்கத்தில் நின்று பாருங்கள், புரியும்.

தாலிச் சங்கிலியில் ஊக்கு

சங்கிலியைக் கழற்றச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், போதும். ஆனால் அதில் கோத்து வைத்திருக்கிறோமே ஐந்தாறு ஊக்கு, அதைக் கழற்றிவிடுங்கள். நோயாளியை எம்.ஆர்.ஐ.க்குக் கூட்டிப் போகிற நாள் எதுவென்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காந்தம் எப்போதும் விழித்துக்கொண்டுதான் இருக்கும். தங்கத்தை அது சீண்டாது, இரும்பை விடாது. வாசலில் டெக்னீஷியன் கேட்டபோது "நகை ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டு நான் உள்ளே போக, சட்டைக்குள் இருந்த ஊக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பித் துணியைக் குத்திக்கொண்டு நின்றன. ஊக்கு நகையில் சேராதாம் எனக்கு!

ஓட்டை போட்ட கிராக்ஸ்

ஊசி எப்போதும் முனை கீழே இருக்கிற மாதிரிதான் விழும்.

யூனிஃபார்மோடு டீக்கடை

போகாதீர்கள்.

சரி, மணி எப்படிப் பார்ப்பது?

அந்தப் பெண்ணும் இதைத்தான் கேட்டாள். வார்டு சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் கடைசி பெட்டிலிருந்து பார்த்தால் நொடி முள் தெரியாது, ஸ்கிரீனை இழுத்துவிட்டால் கடிகாரமே தெரியாது. கேள்வி நியாயமானதுதான். செல்போனைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் அழுக்குதான். நர்சுகளுக்கென்றே நெஞ்சில் குத்திக்கொள்கிற பின் வாட்ச் இருக்கிறது. அதைத் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி செய்திருப்பார்கள், அதனால் நாம் குனிந்து பார்த்தால் எண்கள் நேராகத் தெரியும், கை படவே வேண்டாம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிலிக்கான் உறை போட்டதாக வாங்குங்கள், ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாம். சங்கிலி நீளமானது வேண்டாம், ஐடி கார்டு மாதிரி அதுவும் ஊஞ்சலாடும். அப்புறம், நொடி முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் முதல் பின் வாட்ச்சில் அது இல்லை. வாங்கி வந்து பெருமையாகக் குத்திக்கொண்டு, முதல் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் கவனித்தேன்.