கம்பைல் ஆகிறது, ஓட மறுக்கிறது: டேட்டாபேஸ் புரோகிராம்களில் தவிர்க்க வேண்டிய லிங்க் தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் மெஷின் டேட்டாவை மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸுக்குத் தள்ளிவிடும் சின்ன சி புரோகிராமை முதல்முறை தொடும் தம்பிகள் கேட்பது இதுதான்: "அண்ணே, கம்பைல்லாம் ஆச்சு. சர்வர்ல போட்டா ஓட மாட்டேங்குது."

லைப்ரரி என்பது உங்கள் புரோகிராம் கடன் வாங்கும் ரெடிமேட் கோட். கம்பைல் நேரத்தில் அதைத் தேடுவது லிங்கர், ஓடும்போது தேடுவது லோடர். கம்பைல் கட்டளையில் 'மைனஸ் பெரிய எல்' போட்டுக் காட்டும் ஃபோல்டர் லிங்கருக்கு மட்டும்தான். லோடர் அதைக் கண்டுகொள்ளாது. எர்ரர் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ரீஇன்ஸ்டால் செய்வது வீண்வேலை.

லைப்ரரியே இல்லை என்று லிங்கர் சொன்னால், டேட்டாபேஸ் சர்வர்தான் ஓடுகிறதே என்று வாதாடாதீர்கள். சர்வர் வேறு, கம்பைல் செய்யத் தேவையான ஃபைல்கள் இருக்கும் டெவ் பேக்கேஜ் வேறு. உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு லிப்பிகியூ-டெவ் போட்டால் போதும்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' எர்ரர் வந்தால் முதலில் கட்டளையில் ஃபைலும் லைப்ரரியும் இருக்கும் வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். உபுண்டுவின் சி கம்பைலரான ஜிசிசி 'ஆஸ் நீடட்' வசதியோடுதான் வருகிறது. அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியை அது கழற்றிவிடும். கட்டளையில் லைப்ரரி பெயரைச் சொல்லும் 'மைனஸ் சின்ன எல்'லை முன்னால் எழுதி மெயின் டாட் சி-யைப் பின்னால் வைத்தால் இதுதான் நடக்கும். ஃபைல் முதலில், லைப்ரரி கடைசியில். வேறு லினக்ஸ் டிஸ்ட்ரோவில் தப்பான வரிசையும் ஓடிவிடலாம், "என் மெஷின்ல ஆகுதே" என்ற சண்டை அங்கேதான் பிறக்கிறது. மைஎஸ்கியூஎல் என்றால் இந்த மைனஸ் ஃபிளாக்குகளைக் கையால் தட்டாமல் மைஎஸ்கியூஎல் கான்ஃபிக் கட்டளையிடம் கேட்டு வாங்குங்கள்.

சரி, லிங்க் ஆகிவிட்டது, ஓடவில்லை. புரோகிராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் 'நாட் ஃபவுண்ட்' இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. இங்கே பலரும் லோடருக்கு ஃபோல்டரைக் காட்டும் எல்டி லைப்ரரி பாத்தை, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி ஃபைலில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். டெர்மினலில் ஓடும். ராத்திரி கிரான் கூப்பிட்டால் விழும், ஏனென்றால் நேரம் பார்த்து வேலையை ஓட்டும் கிரானும் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி-யும் உங்கள் பேஷ்ஆர்சி-யைப் படிப்பதில்லை. ஈடிசி-க்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் வைத்து, அதில் லைப்ரரி இருக்கும் பாதையை எழுதி, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ரூட்டாக ஓட்டுங்கள். ஃபைல் பெயர் 'டாட் கான்ஃப்' என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் எல்டிகான்ஃபிக் அதைச் சீண்டவே சீண்டாது, எர்ரரும் சொல்லாது.

எனக்குக் கோபம் வரவைப்பது சிம்லிங்க் வைத்தியம், அதாவது ஒரு ஃபைலுக்கு இன்னொரு பெயரில் குறுக்குவழி போடுவது. மைஎஸ்கியூஎல் 5.7-இன் கிளையண்ட் லைப்ரரி ஃபைல் பெயரில் எஸ்ஓ-வுக்குப் பின் வரும் நம்பர் 20, 8.0-இல் அது 21. புரோகிராம் 20-ஐத் தேடுகிறது என்பதற்காக 21-க்கு அந்தப் பெயரில் சிம்லிங்க் போடுவது, பழைய வீட்டு நம்பர் பலகையைப் புது வீட்டில் ஆணியடித்து மாட்டுவது போல. உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சர்கள் மாறியிருக்கலாம் என்பதற்காகத்தான் நம்பரையே மாற்றுகிறார்கள். முதலில் ஓடும், அப்புறம் ஏதோ ஒரு குவெரியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் செத்துவிழும். புது டெவ் பேக்கேஜோடு மறுபடி கம்பைல் செய்துவிடுங்கள்.

லைப்ரரி கண்ணெதிரே இருந்தும் லிங்கர் 'ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்' என்றால், பெரும்பாலும் 32 பிட், 64 பிட் குழப்பம். 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், எது என்று அதுவே சொல்லிவிடும்.