கைக்குழந்தைகளுக்கு கிரெஷ் தொடங்குகிறீர்களா? பெயின்டைக் கடைசியில் பாருங்கள்

கிரெஷ், அதாவது குழந்தைகள் காப்பகம், ஆரம்பிக்கப் போகிறேன் என்று வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சுவரில் என்ன படம் வரையலாம் என்பதைத்தான். அது கடைசி வேலை.

முதல் வேலை ஆள் கணக்கு. ஒரு வயதுக்குள் என்றால் 3 குழந்தைக்கு ஒருவர். இரண்டு வயதை ஒட்டியவர்கள் என்றால் 4 அல்லது 5 பேருக்கு ஒருவர். தீப்பிடித்தால் ஒரு ஆளால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசியுங்கள், கணக்கு தானாகப் புரியும்.

அடுத்து, எந்தக் குழந்தை, பார்த்துக்கொள்ளும் எந்த அக்காவின் பொறுப்பு என்று எழுதி ஒட்டுங்கள். பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது மூன்றும் முடிந்தவரை அவர் கையாலேயே நடக்கட்டும். புடாபெஸ்ட்டில் 1946இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர் இதில்தான் பிடிவாதமாக இருந்தார். துணி மாற்றும்போது, "கை நீட்டு கண்ணு, சட்டை போடலாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடி பொறுங்கள். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை சில நாளில் தானே கையை நீட்டும்.

மூன்றாவது, நேர அட்டவணை. நான் சறுக்கிய இடம் இது. பத்தரைக்கு எல்லோருக்கும் தூக்கம் என்று பள்ளிக்கூடம் மாதிரி எழுதிவைத்தேன். பத்தரைக்கு ஒன்று பசியில் வீறிட, அப்போதுதான் கண்ணயர்ந்த மற்ற இரண்டும் விழித்துக்கொண்டன. இப்போது கைக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித் தாள்: எப்போது குடித்தது, எப்போது தூங்கியது, எத்தனை முறை ஈரம். ஒன்றரை வயதுக்கு மேல்தான் பொது வரிசை. கஞ்சி, வெளியே விளையாட்டு, சாப்பாடு, தூக்கம். மணி முன்னே பின்னே ஆகலாம், வரிசை மாறக் கூடாது.

தூக்கத்துக்குச் சமமான, அழுத்தமான படுக்கை. மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலையணை வேண்டாம். தூளி கட்டச் சொல்லிக் கேட்பார்கள். தூளியில் தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சு தடைபடலாம், பத்துப் பேர் இருக்கும் அறையில் அதைக் கண்கொட்டாமல் பார்க்க யாரும் இல்லை. கழுத்துக் கயிறையும் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டிகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஏதாவது நிறுவனத்துக்காக நடத்தினால் பாலூட்ட ஒரு மறைவான மூலை ஒதுக்குங்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் கிரெஷ் வசதி வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத் திருத்தம். தாய் நாளுக்கு 4 முறை வந்து போகலாம்.

சேர்க்கும் வாரம் அம்மாவும் கூட இருக்கட்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். குழந்தை விளையாடும்போது சொல்லாமல் நழுவ மட்டும் விடாதீர்கள். அழுதாலும், "அம்மா போயிட்டு சாயங்காலம் வரேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டே கிளம்பட்டும்.