அந்துப்பூச்சிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பெண் பூச்சியின் வாசத்தைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் போன வாரம் 40 அந்துப்பூச்சி விழுந்தது, இந்த வாரம் 6 தான். "சரி, குறைஞ்சிடுச்சு" என்று நோட்டை மூடிவிடுகிறோம். அதிகம் நடக்கிற தவறு இதுதான். பறந்த பூச்சிகளின் ஆயுள் முடிந்திருக்கலாம். அவை இட்ட முட்டைகள் வயலில்தானே இருக்கின்றன? மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் ஒரு முட்டைக் குவியலில் 100 முதல் 200 முட்டைகள் வரை இருக்கும், மேலே மெல்லிய பஞ்சு போர்த்தியதுபோல. வெப்பமான நாட்களில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால், பொறி காலியாக இருந்தாலும் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பொறியே ஏமாற்றுவதும் உண்டு. இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் பூச்சிகள் மட்டும். வயலில் பெண் பூச்சிகள் பெருகிவிட்டால் ஆண்கள் அவற்றைத் தேடிப் போய்விடும், பொறிக்கு வருவது குறையும். பொறிக்குள் அந்த வாசத்தைத் தரும் கவர்ச்சிக் குப்பி பழசாகிப் போனாலும் அதே கதை. விளக்குப் பொறியில் பௌர்ணமியை ஒட்டிப் பெரும்பாலும் குறைவாகத்தான் விழும். நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது. அதனால் எண்ணிக்கையோடு மழை, காற்று, நிலா, குப்பி மாற்றிய நாள் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். இரண்டு பொறிகளில் ஏழு இரவு விழுந்ததையும் ஒரு பொறியில் மூன்று இரவு விழுந்ததையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு பொறிக்கு ஓர் இரவுக்கு எத்தனை என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காலண்டரை நம்புவது. படைப்புழு 28 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 30 நாளில் ஒரு தலைமுறையை முடிக்கும்; குளிரில் அதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். போன வருடம் வந்த அதே தேதியில் இந்த வருடமும் வர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

எண்ணிக்கை ஏறியதும் பதறி மருந்தடிப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் செத்துப்போகும். தப்பிய புழுவுக்குத் தடை இருக்காது, அடுத்த தலைமுறை முன்னைவிடப் பெரிதாக எழும். தப்பியவை மருந்தைத் தாங்கும் ரகமாகவும் இருக்கலாம். முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தாங்கத் தொடங்கியது ஜாவாவில் 1953-லேயே பதிவானது.

அறுவடைக்குப் பிறகு பொறியைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் காய்களைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம். அது வெளியே வரும் முதல் வாரத்தைப் பிடிக்க, விதைக்கும் முன்பே பொறி நின்றிருக்க வேண்டும்.