ஆட்டு இதயத்தைக் கையில் எடுத்துப் படியுங்கள்

பத்தாம் வகுப்போ, நர்சிங் முதல் வருடமோ, இதயப் பாடத்தில் எல்லோரும் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: படத்தில் இடப்பக்கம் இருப்பதை ஏன் "வலது" என்று போட்டிருக்கிறார்கள்? அது உங்களுக்கு எதிரே நிற்கும் ஆளுடைய இதயம், அவ்வளவுதான். படம் வெளியே பார்க்கும்படி புத்தகத்தை நெஞ்சோடு வைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டு இதயம் ஒன்று, கீறாமல், மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் முதல் தடவை சொல்ல மறந்தேன், கடைக்கார அண்ணன் பழக்கதோஷத்தில் நாலு துண்டாகப் போட்டுக் கொஞ்சம் ஈரலும் சேர்த்துக் கட்டிவிட்டார். அன்றைக்குக் குழம்புதான்.

உறைந்த ரத்தம் போகக் கழுவிவிட்டு, கத்தியைத் தொடாமல் முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும், மறுபக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். கெட்டியானது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளும் கீழறை; கீழ்முனையும் அதனுடையதே. வலது பக்கம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது பக்கமோ உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை அனுப்பியாக வேண்டும் என்பதால் மனித இதயத்திலும் அந்தச் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன்.

மேலே தடித்த சுவரோடு, வாய் பிளந்தபடி நிற்கும் குழாய்தான் பெருந்தமனி. அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் மூன்று பிறை வடிவ இதழ்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. அரைச்சந்திர வால்வு என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்.

இனி இடது ஆரிக்கிளிலிருந்து (மேலறை) கீழ்முனை வரை கீறித் திறங்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்விலிருந்து வெள்ளை நூல்கள் கீழே தசையோடு போய்ச் சேரும், ஒன்றை இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. பலரும் பரீட்சையில் இந்த நூல்கள் வால்வை இழுத்துத் திறக்கின்றன என்று எழுதிவிடுகிறார்கள், தப்பு. பெருங்காற்றில் குடை மறுபுறம் புரண்டுகொள்ளுமே, வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது வால்வு ஆரிக்கிள் பக்கம் அப்படிப் புரளாமல் பிடித்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. "லப்" என்ற முதல் ஒலி இந்த ஈரிதழும் வலப்பக்கத்து மூவிதழும் மூடும்போது, "டப்" நீங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்த வகை வால்வுகள் மூடும்போது.

தமனி என்றாலே சுத்த ரத்தம் என்று யாராவது சொல்லித் தந்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, உள்ளே வந்தால் சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து (கட்டைவிரல் வேண்டாம், அதன் துடிப்பே குழப்பும்) நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 72 என்றால், துடிப்புக்குச் சுமார் 70 மில்லி வீதம் இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தம் 5,040 மில்லி. பெரியவர் ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்! மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கி மறுபடி எண்ணி, அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.