கார்த்திகை பிறக்கும் முன் லாட்ஜில் செய்ய வேண்டிய தீப் பாதுகாப்பு வேலைகள்

எங்கள் செங்கோட்டைப் பக்கம் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, தங்குகிற இடம் லாட்ஜ். தேசியக் கட்டட விதித்தொகுப்பிலோ (2016, 4ஆம் பகுதி) ஹோட்டல் என்பது தங்குகிற இடம். எனக்கு இரண்டும் உண்டு. கீழே பரோட்டாக் கடை, மேலே 14 அறைகள். ஆடிச் சாரலுக்குக் குற்றாலக் கூட்டம், கார்த்திகையில் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகப் போகிற ஐயப்பமார். புதிதாக லாட்ஜ் எடுத்திருப்பவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் வாங்குவதில் தொடங்காதீர்கள், அது நான்காவது வேலை.

1. இருட்டில் ஒரு நடை

ராத்திரி அறைகள் காலியாக இருக்கும்போது மெயினை அணையுங்கள். கையில் டார்ச் வேண்டாம். கடைசி அறையிலிருந்து தெரு வரைக்கும் நடந்து பாருங்கள். எதில் இடித்துக்கொண்டீர்களோ அதெல்லாம் மறுநாள் காலை அகற்ற வேண்டியவை. என் நடையில் அகப்பட்டவை: ஒரு மடக்குக் கட்டில், இரண்டு தண்ணீர்க் கேன், ஈரத் துண்டு காயப்போட்ட கொடி.

அடுத்து டேப் வைத்து அளங்கள். அந்த விதித்தொகுப்புப்படி கான்கிரீட் கட்டடத்தில் வெளியேறும் வழிக்குப் போகிற தூரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஹோட்டல் மாடிப்படியின் அகலம் குறைந்தது 1.5 மீட்டர். பழைய கட்டடத்தில் படியை அகலப்படுத்த முடியாது, சரி. இருக்கிற அகலத்தையாவது மெத்தைக்கும் அட்டைப்பெட்டிக்கும் கொடுக்காமல் இருக்கலாம். சீசனில் இடம் பத்தவில்லை என்று வராந்தாவில் பாய் போட்டுப் பணம் வாங்குகிற பழக்கம் எனக்கும் இருந்தது. விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கிரில் கேட். சில வருஷத்துக்கு முன் ஒரு சாரல் ராத்திரி, இரண்டு மணி இருக்கும். முதல் மாடி அறை ஒன்றில் கொசுவர்த்திச் சுருளில் போர்வை நுனி பட்டு, மெத்தை புகைய ஆரம்பித்தது. தீ என்று பார்த்தால் ஒரு வாளித் தண்ணீருக்குக் காணாது. ஆனால் மெத்தைப் புகை வராந்தா முழுக்க நிறைந்துவிட்டது. எல்லாரும் இருமிக்கொண்டே கீழே ஓடி வந்தால் கிரில் கேட் பூட்டு. சாவி வாட்ச்மேன் இடுப்பில், வாட்ச்மேன் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில். அவர் வருவதற்குள் நாலு நிமிஷம் ஆகியிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் முதல் வேலையாகப் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கையால் திறக்கிற தாழ்ப்பாள் போட்டேன். திருட்டுப் பயத்துக்கு ஒரு கேமராவும் கேட் திறந்தால் அடிக்கிற மணியும். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே ஏற்பாடுதான்.

தீச்சுவாலை தொடுவதற்கு முன்பே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிவிடும். மேலேறும் புகைக்கு மாடிப்படிதான் புகைபோக்கி. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் அப்படித்தான் நடந்தது. கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். தீப்பிடித்தது கீழே, புகையில் சிக்கியவர்கள் மேலே தங்கியிருந்தவர்கள். 8 பேர் இறந்தார்கள். அதனால் படிக்கட்டுக்கும் கடைக்கும் நடுவில் தானாக மூடிக்கொள்கிற கதவு வையுங்கள். அதைச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள். விருந்தாளியின் மின்சார ஸ்கூட்டரைப் படிக்குக் கீழே சார்ஜ் போடவும் விடாதீர்கள்.

2. அடுப்படி

கடை சிலிண்டர் 19 கிலோ. 100 கிலோ வரை சமையல் எரிவாயு வைத்துக்கொள்ள எரிவாயு சிலிண்டர் விதிகளில் தனி உரிமம் தேவையில்லை. ஐந்து சிலிண்டர் 95 கிலோ, ஆறாவது வந்தால் கணக்கு தாண்டிவிடும். எண்ணிக்கையை சப்ளைக்கு வருகிற பையனிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.

சிலிண்டரை வெளிக்காற்றுப் படும் இடத்தில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சன்னல் உயரத்தில் மட்டும் காற்றோட்டம் இருந்தால் போதாது, தரை மட்டத்திலும் திறப்பு வேண்டும். பக்கத்தில் சாக்கடைத் திறப்பு எதுவும் இருக்கக் கூடாது. இணைப்புகளில் வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. வாடை அடித்தால் வால்வை மூடி, கதவைத் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், அது எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடி, ஆறுகிற வரை திறக்காமல் விடுங்கள். இதை பரோட்டா மாஸ்டருக்கும் சிக்கன் பொரிக்கிறவருக்கும் வாயால் சொன்னால் போதாது, தட்டு எந்த ஆணியில் தொங்குகிறது என்று கையால் தொடச் சொல்ல வேண்டும். சிம்னி வலையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிற எண்ணெயும் விறகு மாதிரிதான். வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் கழுவ வேண்டும்.

3. கரண்ட்

கீசர், ஏசி ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்). அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்சிபி மாற்றச் சொல்கிற வயர்மேனை வேண்டாம் என்று சொல்லுங்கள். விழுகிறது என்றால் வயர் தாங்கவில்லை என்று அர்த்தம். இன்வெர்ட்டர் பேட்டரியைப் படிக்கட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது.

சாமிமார் வரும் மாதங்களில் அறைக்குள் சூடம் கொளுத்துவார்கள், ஒரு பம்ப் ஸ்டவ்வும் பையிலிருந்து வெளியே வரும். பூஜையை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனசு வராது. நான் மொட்டை மாடியில் ஒரு மூலையில் மணல் தட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

4. தீயணைப்பான்

மாடி வராந்தாவுக்கு ஏபிசி பவுடர் (பலவகைத் தீக்கும் ஆகிற தூள்), மின் பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு, எண்ணெய் அடுப்புக்கு வெட் கெமிக்கல் (எண்ணெய்த் தீயை அணைக்கிற திரவம்). வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டி வரும். பவுடர் உருளையில் முள் பச்சைக் கோட்டில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பின்னை உருவு, குழாயைத் தீயின் அடிக்குக் காட்டு, அழுத்து, இடமும் வலமும் வீசு. உருளையை மறுபடி நிரப்ப அனுப்புவதற்கு முன் ரூம்பாயைக் கொண்டே வெளியில் ஒரு தடவை அடிக்க வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று பார்த்தால்தான் வீணடிக்க மாட்டார்கள்.

5. மணி, வெளிச்சம், படம்

அறைகளிலும் வராந்தாவிலும் புகை உணரி. அடுப்படியில் அது சும்மா சும்மா கத்தும், அங்கே வெப்ப உணரி. படிக்கட்டில் கரண்ட் போனாலும் எரிகிற விளக்கு. ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் வெளியேறும் வழிப் படம், தமிழிலும் மலையாளத்திலும். தீயின்போது லிஃப்ட் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

6. உரிமம்

தீ பாதுகாப்பு உரிமத்துக்குத் தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ஆரியங்காவில் லாட்ஜ் வைத்திருக்கிற மச்சானுக்குக் கேரளத் துறைதான், இங்கே வாங்கிய தாள் அங்கே செல்லாது. கட்டடம் 18.30 மீட்டரைத் தாண்டினால் இங்கே உயரமான கட்டடம் என்ற வகைக்குப் போய்விடும், கேட்பது அதிகமாகும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊர் நிலையத்துக்கு வரைபடத்தோடு ஒரு நடை போய் வாருங்கள். குறை சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு நாளுக்கு மட்டும் உருளையை இரவல் வாங்கி மாட்டுகிற ஆட்களும் உண்டு, அந்த வேலை வேண்டாம்.

7. ஒத்திகை

யார் 101க்குப் போன் செய்வது, யார் கேஸை மூடுவது, யார் கதவு தட்டுவது என்று பெயர் எழுதி ரிசப்ஷனில் ஒட்டுங்கள். நிலையத்தின் நேரடி எண்ணையும் எழுதுங்கள். வெளியே வந்தவர்கள் கூடும் இடம் ஒன்று வேண்டும், எங்களுக்கு எதிர்த்த வேப்பமரம்.

எங்கள் முதல் ஒத்திகை ஆவணியில், கூட்டம் வடிந்த பிறகு. ஆறு நிமிஷம் ஆனது. மரத்தடிக்கு வந்து தலை எண்ணலாம் என்றால் அறை ரிஜிஸ்டர் உள்ளேயே கிடக்கிறது. எத்தனை பேர் தங்கியிருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வருவது என்பது ரிசப்ஷன் பையனின் பெயருக்கு நேரே தனி வரியாக எழுதியிருக்கிறது.