பிடிடி: கியூகம்பர் போட்டால் போதுமா?

டீமில் பிடிடி (Behaviour-Driven Development: மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை உதாரணங்களோடு முதலில் பேசிவிட்டு, பிறகு கோடு எழுதும் முறை) கொண்டுவரலாம் என்று முடிவானதும் பலரும் முதல் வேலையாக, அந்த உதாரணங்களை டெஸ்ட்டாக ஓட்டும் கருவியான கியூகம்பரை இன்ஸ்டால் செய்வார்கள். நாங்களும் அப்படித்தான். டெவலப்பர் கோடு எழுதி முடிப்பார். ஸ்பிரின்ட்டின் (ஒரு சுற்று வேலையின்) கடைசி இரண்டு நாளில் டெஸ்டர் தனியாக உட்கார்ந்து, கியூகம்பர் படிக்கும் ஃபீச்சர் ஃபைல் எழுதுவார். என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட ஆட்டோமேஷன், அவ்வளவுதான்.

பிடிடியை உருவாக்கிய டான் நார்த் அதைப் பற்றி எழுதிய கட்டுரை 2006இல் வந்துவிட்டது. கியூகம்பர் வந்ததோ 2008இல். கருவி பிற்பாடு வந்த சங்கதி. முதலில் வேண்டியது, கோடுக்கு முன்பே மூன்று பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது.

பஸ் டிக்கெட் ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். '24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் 90% பணம் திரும்பும்' என்பது விதி. எதிலிருந்து 24 மணி? பஸ் சென்னையில் இரவு 9 மணிக்குக் கிளம்புகிறது, இவர் விழுப்புரத்தில் நள்ளிரவில்தான் ஏறுகிறார் என்றால்? இந்தக் கேள்விக்கு ப்ராடக்ட் ஓனர் தலையைச் சொறிந்தால் பேச உட்கார்ந்தது வீண்போகவில்லை. இதே கேள்வி ரிலீசுக்கு அப்புறம் கஸ்டமர் கேர் வழியாக வந்தால் செலவு வேறு.

அடுத்த தவறு, சினாரியோவில் (ஃபீச்சர் ஃபைலில் எழுதும் ஒவ்வொரு உதாரணத்தில்) பட்டனை எழுதுவது. 'லாகின் பக்கத்தைத் திற, பாஸ்வேர்டை டைப் செய், நீலப் பட்டனை அழுத்து' என்று பதினைந்து ஸ்டெப். டிசைனர் திரையை மாற்றினால் எல்லாம் உடையும். இதையே இப்படி எழுதலாம்:

பஸ் கிளம்ப 30 மணி நேரம் இருக்கும் 1,000 ரூபாய் டிக்கெட் ஒன்று இருக்கிறது.
பயணி அதை ரத்து செய்கிறார்.
அவருக்கு 900 ரூபாய் திரும்புகிறது.

(சினாரியோ எழுதும் மொழியான ஜெர்கினில் தமிழ்ச் சொற்களும் உண்டு. ஆனால் இரண்டாவது வரியைத் தொடங்கும் 'வென்' (When) என்பதற்கு 'எப்போது' என்று போட்டிருக்கிறார்கள். படித்தால் யாரோ கேள்வி கேட்பது போலிருக்கும்.)

இந்தக் கணக்கைச் சரிபார்க்க பிரவுசரே வேண்டாம். எல்லா சினாரியோவையும் பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியத்தில் ஓட்டினால் பில்ட் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

அடுத்த ஸ்பிரின்ட்டில் ஒரே ஒரு ஸ்டோரியை (ஒரு சிறிய தேவையை) எடுத்து, கருவி இல்லாமல் அட்டைகளோடு தொடங்குங்கள்: விதிக்கு நீலம், உதாரணத்துக்குப் பச்சை, பதில் தெரியாத கேள்விக்குச் சிவப்பு. மேசையில் சிவப்பு குவிந்தால் அந்த ஸ்டோரியை ஸ்பிரின்ட்டில் சேர்க்காதீர்கள்.