நான்கு சில்லும் இழுக்கும், நிறுத்துவது ரயர்தான்

கனடாவில் முதல் வாகனம் வாங்கப் போனால் விற்பவர் சொல்வார்: "இது ஓல் வீல் டிறைவ் அண்ணை, ஸ்னோவுக்குப் பயப்படத் தேவையில்லை." பாதி உண்மை. எஞ்சின் நான்கு சில்லையும் சுற்றுவதால் பனி குவிந்த டிறைவ்வேயிலிருந்து வாகனம் சிரமமில்லாமல் வெளியே வந்துவிடும். ஆனால் பிறேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. நிற்பதில் உங்களுக்கென்று தனிச் சலுகை இல்லை. என் முதல் விண்டரில் ஸ்காபரோவில் ஒரு சிவப்பு விளக்குக்கு பிறேக்கை அழுத்தினேன். மிதி காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது, வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நல்லகாலம், யாரும் குறுக்கே நடக்கவில்லை. போட்டிருந்தவை எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஓல் சீசன் ரயர்கள்.

அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுவது. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே அந்த றப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் ரயரின் றப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். வாங்கும்போது ரயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள்: மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தச் சின்னம் வேண்டும். வெறுமனே 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்று இருந்தால் போதாது. 'ஓல் வெதர்' என்று வருடம் முழுக்க ஓடும் வகையிலும் மலைச் சின்னம் உண்டு. நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு அது காணும். வேலைக்காக வடக்கே பனி கூடிய பாரி, சட்பரிப் பக்கம் போகிறவர் என்றால் விண்டர் ரயரையே போடுங்கள்.

கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் அதற்குக் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்பது இங்கே விதி. வாய் திறந்து கேளுங்கள்.

செலவைக் குறைக்க இரண்டு மட்டும் போடலாமா? வேண்டாம். ஓல் வீல் டிறைவில் முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்டால் சில்லுகளின் சுற்றளவும் வேறுபடும். இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் பாகம் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துச் சூடாகித் தேயும். அதைத் திருத்தப் போனால், மிச்சம்பிடித்த காசு எந்த மூலைக்குக் காணும்? நான்கும் ஒரே வகை, ஒரே அளவு. அளவு சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பழைய ரயர் வாங்குகிறீர்களா, அதில் 'டொட்' (DOT) எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3522 என்றால் 2022இன் 35ஆம் வாரம் செய்தது. வெட்டின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் பனிக்கு உதவாது.

முடிந்தால் தனி இரும்பு றிம்மோடு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் றிம்மிலிருந்து ரயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். ஒக்டோபரிலேயே கராஜில் நாள் குறித்துவிடுங்கள். முதல் ஸ்னோ கொட்டிய அன்று போனால் ஊரே அங்கேதான் நிற்கும். மாட்டிய பிறகு 100 கிலோமீற்றர் ஓடுவதற்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்கள் கழற்றிய நான்கையும் எங்கே வைப்பது என்று வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அந்த விண்டர் முடியும்வரை அவை என் கட்டிலுக்குப் பக்கத்தில் றப்பர் வாசத்தோடு கிடந்தன.